எரிபொருள் தொட்டிக்கும் மூச்சு வேண்டும்

பழைய டிராக்டர், பவர் டில்லர், ஜீப் வைத்திருப்போர் கவனத்திற்கு

மழை பெய்து நிலம் பதமாக இருக்கும் இரண்டு மூன்று நாட்களுக்குள் உழவை முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் டிராக்டரோ பவர் டில்லரோ நின்றுவிட்டால் ஏற்படும் இழப்பு பழுது பார்க்கும் செலவோடு முடிவதில்லை. பதம் போய்விடும். விதைப்பு தள்ளிப் போகும். பிறருக்கு உழுது தருவதாக ஒப்புக்கொண்ட வேலையும் கைநழுவும். வண்டி இவ்வாறு நிற்பதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் மிக எளியது, எளியதாக இருப்பதாலேயே பலரும் கவனிக்கத் தவறுவது, எரிபொருள் தொட்டியின் மூடியில் உள்ள சிறிய காற்றுத் துவாரம் அடைபடுவது ஆகும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. இதை அறியாமல் வடிகட்டியை மாற்றி, நாசிலைக் கழற்றி, இன்ஜக்‌ஷன் பம்பையும் பிரித்து வீண் செலவு செய்ய நேரிடுகிறது.

தொட்டி ஏன் மூச்சுவிட வேண்டும்?

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விட்டு விட்டு ஒழுகும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளையிட்டால் சீராக ஒழுகும். இரண்டாவது துளை வழியாகக் காற்று உள்ளே போவதுதான் இதற்குக் காரணம். டிராக்டரின் தொட்டியும் இதே விதிக்கு உட்பட்டதே. இன்ஜின் எவ்வளவு டீசலை எடுத்துக் கொள்கிறதோ அவ்வளவு இடத்திற்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் தொட்டிக்குள் காற்றழுத்தம் குறைந்து, டீசல் இறங்குவது நின்றுவிடும்.

பவர் டில்லரிலும் பழைய ஆயில் இன்ஜின்களிலும் தொட்டி மேலே இருக்கும். டீசல் தன் எடையாலேயே பம்புக்கு இறங்கும். தொட்டியில் உள்ள டீசலின் மட்டம் பம்புக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அந்த உயரத்தால் கிடைக்கும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். ஆகவே, தொட்டிக்குள் காற்றழுத்தம் நாற்பதில் ஒரு பங்கு குறைந்தாலே டீசல் இறங்காது.

இதை ஒரு கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். முழுவதும் மூச்சடைத்த ஒரு தொட்டியில் 4 லிட்டர் அளவு வெற்றிடம் இருந்தால், அதிலிருந்து சுமார் 100 மில்லி லிட்டர் டீசல் இறங்கியதும் ஓட்டம் நின்றுவிடும். ஒரு மணிக்கு ஒரு லிட்டர் டீசல் எரிக்கும் இன்ஜினுக்கு அது ஆறு நிமிடத்திற்குத்தான் போதும். அதே தொட்டியை நிரப்பி, வெற்றிடம் 400 மில்லி லிட்டராகச் சுருங்கினால், 10 மில்லி லிட்டர் இறங்கியதுமே நின்றுவிடும். ஒரு நிமிடம்கூட ஓடாது. நடைமுறையில் துவாரம் முழுவதும் அடைபடாமல் சிறிது கசிவு இருப்பதால், இதைவிட நீண்ட நேரம் ஓடி, பிறகு திணறும். எப்படியானாலும், தொட்டி நிறைந்திருக்கும்போது சீக்கிரம் நின்று, குறைந்திருக்கும்போது நெடுநேரம் ஓடினால், அது மூச்சடைப்பின் தெளிவான அடையாளம். அடியில் படிந்த கசடோ, அடைபட்ட வடிகட்டியோ காரணமாக இருந்தால், பெரும்பாலும் தொட்டி குறையக் குறையத்தான் தொல்லை கூடும்.

டிராக்டரில் டீசலை இழுத்துத் தர ஃபீட் பம்ப் உள்ளது. அது பலமாக இழுப்பதால் உடனே நிற்காது. ஆனால், அந்த இழுப்பில் தளர்ந்த இணைப்புகள் வழியாகக் காற்று குழாய்க்குள் புகுந்துவிடும். இதைத்தான் "டீசலில் ஏர் பிடித்துவிட்டது" என்கிறோம். தகரத் தொட்டியாக இருந்தால் பக்கங்கள் உள்வாங்கி நெளிவதும் உண்டு.

வெளிமூச்சும் தேவை. வெயிலில் நிற்கும் வண்டியின் தொட்டிக்குள் உள்ள காற்று 25 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறினால், அதன் அழுத்தம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடும். பெட்ரோல் தொட்டியில் ஆவியும் சேருவதால் அழுத்தம் இன்னும் அதிகமாகும். போக வழியில்லாவிட்டால், அந்த அழுத்தம் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளி வழியச் செய்யும்.

துவாரம் எவ்வாறு அடைபடுகிறது?

1. சேற்று உழவின்போது தெறிக்கும் சேறு மூடியின் மேல் காய்ந்து இறுகுவதால்.

2. கதிரடிக்கும்போது பறக்கும் தூசியும் உமியும் டீசல் பிசுக்கோடு சேர்ந்து கெட்டியாவதால்.

3. வண்டி பல வாரம் ஓடாமல் நிற்கும்போது மூச்சுக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டுவதால்.

4. வண்டிக்கு வண்ணம் பூசும்போது துவாரத்தின் மேலும் பூசிவிடுவதால்.

5. பழைய மூடி தொலைந்து, துவாரமே இல்லாத வேறு மூடியைப் பொருத்துவதால்.

6. வாஷர் தேய்ந்து டீசல் சிந்துகிறதென்று, தொட்டியின் வாயில் பாலித்தீன் தாளை வைத்து அதன் மேல் மூடியைத் திருகுவதால்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னது கிராமங்களில் எளிதாக நேரக்கூடியது. மழைநீர் புகாமல் இருக்கவும் சிலர் இப்படிச் செய்வர். நோக்கம் நல்லதே. ஆயினும் அந்தத் தாள் தொட்டியின் மூச்சை நிறுத்திவிடும். புதிய வாஷர் வாங்கிப் போடுவதே சரியான வழி.

மூடியைத் தளர்த்திப் பார்க்கும் சோதனை

டீசல் வண்டி வேலையின் நடுவே திணறத் தொடங்கினால், வண்டியை நிறுத்தி இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, தொட்டியின் மூடியைச் சிறிது தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டு, அரை நிமிடத்தில் இன்ஜின் சீரானால், குறை மூடியில்தான் உள்ளது. ஐயமிருந்தால், மூடியை லேசாகத் தளர்த்தி, சுத்தமான துணியால் தூசி புகாமல் மூடி, அரை மணி நேரம் வேலை செய்து பார்க்கலாம். தொல்லை மீண்டும் வராவிட்டால் ஐயம் தீர்ந்தது.

பெட்ரோல் வண்டியில் இன்ஜின் ஓடும்போது மூடியைத் திறக்கக் கூடாது. இன்ஜினை நிறுத்தி, சூடு தணிந்த பிறகு மெதுவாகத் திருகித் திறக்க வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் இருக்கலாகாது. ஆவி அழுத்தத்தோடு வெளியேறும்போது பெட்ரோலும் தெறிக்கக்கூடும் என்பதால் முகத்தை விலக்கி வைத்துக் கொள்ள வேண்டும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூச்சடைத்து நின்ற வண்டி, கால் மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடுவது வழக்கம். அதற்குள் சிறிது சிறிதாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடுவதே காரணம். அந்தக் கால் மணி நேரத்தில் வடிகட்டியைக் கழற்றி மாட்டியிருந்தால், அதனால்தான் சரியாயிற்று என்று நினைக்கத் தோன்றும். டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்திருந்தால், அப்போதே குறை தற்காலிகமாக நீங்கியிருக்கும். மறுபடி அரை மணியில் வண்டி நிற்கும். ஆகவே, எதைக் கழற்றுவதற்கும் முன்பாக மூடியைத் தளர்த்திப் பாருங்கள்.

மூடியைச் சுத்தம் செய்யும் முறை

மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அரை மணி நேரம் ஊற வைத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவவும். துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டு அழுக்கை நீக்கி, சைக்கிள் பம்பால் காற்றடிக்கவும். காற்று மறுபக்கம் வர வேண்டும். பெட்ரோல் இன்ஜின் மூடிகள் சிலவற்றில் உள்ளே சிறு வால்வு இருக்கும். அதில் கம்பியை விடக் கூடாது; பழுதானால் மூடியையே மாற்ற வேண்டும். துவாரத்தைப் பெரிதாக்கவும் கூடாது. பெரிதாக்கினால் தூசியும் மழைநீரும் உள்ளே போகும். புதிய மூடி வாங்கும்போது வண்டியின் மாடலைச் சொல்லி, அதற்குரிய மூடியையே கேட்டு வாங்க வேண்டும்.

மூடியைத் தளர்த்தியும் குறை தீராவிட்டால்

வரிசையாகக் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில், வடிகட்டிக்கு அடியில் உள்ள கிண்ணத்தைப் பாருங்கள். நீர் டீசலைவிடக் கனமானது. ஆகையால் அடியில் தனியாகத் தெரியும். நீர் இருந்தால் வடித்துவிட வேண்டும்.

இரண்டாவதாக, தொட்டியிலிருந்து வரும் குழாயை வடிகட்டிக்கு முன்பாகக் கழற்றி, டீசலை ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். தொட்டி மேலே உள்ள வண்டிகளில் தாரையாக வர வேண்டும். மூடி திறந்திருந்தும் சொட்டுச் சொட்டாக வந்தால், தொட்டியின் அடியிலோ, திருகுக் குழாயிலோ கசடு அடைத்திருக்கிறது.

மூன்றாவதாக, குழாயில் நன்றாக வந்தும் இன்ஜின் திணறினால், வடிகட்டியின் மேலுள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். நுரை நுரையாக வந்தால் காற்று புகுந்திருக்கிறது. நுரை நிற்கும் வரை அடித்துத் திருகை இறுக்க வேண்டும். மறுநாளும் நுரை வந்தால், தொட்டிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே ஓர் இணைப்பு தளர்ந்துள்ளது. அந்தப் பகுதியில் இழுப்பு இருப்பதால், டீசல் வெளியே சிந்தாமலேயே காற்று உள்ளே போகும். ஆகவே, ஈரம் தெரியவில்லை என்று விட்டுவிடாமல் ஒவ்வோர் இணைப்பையும் சோதிக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பம்பும் நாசிலும் பற்றி மெக்கானிக்கிடம் காட்டலாம்.

பெட்ரோல் வண்டிகளில் ஆவி அடைப்பு

பழைய பெட்ரோல் ஜீப்புகளிலும், களையெடுக்கும் கருவி, விசைத் தெளிப்பான் போன்ற பெட்ரோல் இயந்திரங்களிலும் வேறொரு தொல்லை உண்டு. டீசல் கொதிக்க ஏறத்தாழ 180 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோலில் உள்ள இலேசான பகுதிகளோ 40 டிகிரிக்குள்ளாகவே கொதிக்கத் தொடங்கிவிடும். பெட்ரோல் குழாய் சைலன்சருக்கு அருகில் சென்றால், அதற்குள் பெட்ரோல் குமிழி குமிழியாக ஆவியாகும். திரவத்தைத் தள்ளும் பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. இன்ஜின் நின்றுவிடும்.

உச்சி வெயிலில் வேலை செய்து, வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது இத்தொல்லை அதிகம் வரும். ஓடும்போது காற்றினால் கிடைத்த குளிர்ச்சி நின்றவுடன் இல்லாமல் போவதே காரணம். மலைப்பாதைகளிலும் இது வரும். உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமையோடு ஏறும் பழைய ஜீப்பில் இன்ஜின் சூடும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

மூச்சடைப்பையும் ஆவி அடைப்பையும் எளிதில் வேறுபடுத்தலாம். மூடியைத் திறந்தால் மூச்சடைப்பு நீங்கும். ஆவி அடைப்பு நீங்காது. பெட்ரோல் பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி சுற்றிச் சில நிமிடம் ஆறவிட்டால் ஆவி அடைப்பு நீங்கும். சூடான சைலன்சர், இன்ஜின் தலைப்பகுதி ஆகியவற்றின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துப் பிளக்கலாம். நிலையான தீர்வு, குழாயைச் சைலன்சரை விட்டு விலக்கிக் கட்டுவதும், இடையே தகரத் தடுப்பு வைப்பதும் ஆகும்.

நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலுக்கு ஏற்றவாறு செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி, மெதுவாகி, பிறகு வெடிக்கும். விரலால் அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும் குழாயையும், வளைத்தால் வெடிப்பு தெரியும் குழாயையும் உடனே மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற குழாய் என்று கேட்டு வாங்குவது நல்லது.

கரி டப்பா உள்ள வண்டிகள்

பிற்காலப் பெட்ரோல் வண்டிகளில் தொட்டியின் ஆவியை வெளியே விடாமல், கரி நிரப்பிய ஒரு டப்பாவுக்குள் செலுத்துகிறார்கள். கரி ஆவியைப் பிடித்து வைத்துக் கொள்ளும். இன்ஜின் ஓடும்போது அந்த ஆவி இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரியும். இதனால் பெட்ரோலும் வீணாகாது, காற்றும் கெடாது.

பெட்ரோல் நிலையத்தில் குழாய் தானாக நின்ற பிறகும் கழுத்துவரை நிரப்பினால், பெட்ரோல் ஆவியாக இல்லாமல் திரவமாகவே டப்பாவுக்குள் போய்க் கரியைக் கெடுக்கும். பெட்ரோல் நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆக மறுப்பதும், எப்போதும் பெட்ரோல் வாடை வீசுவதும் இதன் அடையாளங்கள். டப்பா கெட்டதும் அதைக் கழற்றிவிட்டு, குழாயின் வாயில் போல்ட்டைச் செருகி அடைக்கக் கூடாது. அவ்வாறு அடைத்தால் தொட்டியின் மூச்சு நின்று, மேலே சொன்ன எல்லாத் தொல்லைகளும் தொடங்கும்.

தொட்டியில் நீர் சேர்தல்

பகலில் விரிந்து வெளியேறிய காற்று, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்றாக உள்ளே திரும்பி வருகிறது. அந்த ஈரம் தகரத்தில் வியர்த்து, டீசலின் அடியில் நீராகச் சேரும். ஓரிரவில் சேருவது ஒரு கிராமுக்கும் குறைவே. ஆனால், அரைகுறைத் தொட்டியோடு மாதக்கணக்கில் வண்டி நின்றால், துருவுக்கும் நாசில் கெடுவதற்கும் அது போதும். எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். அதை இன்ஜின் ஏற்காது.

ஆகையால், காலையில் நிரப்புவதைவிட மாலையில் வேலை முடிந்து இன்ஜின் ஆறியதும் நிரப்புவதே நல்லது. ஆனால் விளிம்புவரை ஊற்றக் கூடாது. 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் விரியும். இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். சிறிய பெட்ரோல் கருவிகளை மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால், தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்து வைப்பது நலம்.

ஆவியால் வரும் ஆபத்து

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாமல் தரையோடு பரவிப் பள்ளத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றும். எனவே, மோட்டார் அறையிலும் கிணற்று மேடையிலும் பெட்ரோலைத் திறந்து ஊற்றக் கூடாது. பெட்ரோல் கேனை வீட்டுக்குள், அடுப்புள்ள பக்கம் வைக்கக் கூடாது.

நிறைந்த தொட்டியைவிட வெறுந்தொட்டி ஆபத்தானது. அதில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஓட்டை விழுந்த தொட்டியை வெல்டிங் செய்ய எடுத்துச் செல்வோர் இதை மறக்கவே கூடாது. "டீசல்தானே, பற்றாது" என்று எண்ணுவதும் தவறு. சுவரில் ஒட்டியிருக்கும் டீசல் பிசுக்கு வெல்டிங் சூட்டில் ஆவியாகி வெடிக்கும், உயிருக்கே ஆபத்து. தொட்டியை முறைப்படி ஆவி நீக்கிச் சுத்தம் செய்து பற்றவைக்கத் தெரிந்த பட்டறையில் மட்டுமே கொடுக்க வேண்டும். இல்லையேல் வேறு தொட்டி வாங்கி விடுவதே மேல்.

குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலோ டீசலோ உறிஞ்சுவதும் கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் கடும் நோய் உண்டாகும். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பராமரிப்பு அட்டவணை

நாள்தோறும்: மூடியின் மேல் உள்ள சேறு, தூசியைத் துடைத்தல். மாலையில் எரிபொருள் நிரப்புதல்.

வாரம் ஒருமுறை: வடிகட்டிக் கிண்ணத்தில் நீரைப் பார்த்து வடித்தல். சேற்று உழவுக் காலத்தில் மூடியின் துவாரத்தை ஊதிப் பார்த்தல்.

மாதம் ஒருமுறை: மூடியைக் கழற்றிக் கழுவுதல். வாஷர், ரப்பர் குழாய், பிடிப்புகளைச் சோதித்தல்.

ஆண்டுக்கு ஒருமுறை, பருவம் தொடங்குமுன்: தொட்டியை வடித்துக் கசடு நீக்கிக் கழுவுதல். மூச்சுக் குழாயில் குளவிக்கூடு உள்ளதா என்று பார்த்தல். வெடித்த குழாய்களை மாற்றுதல்.

இந்த வேலைகளை உழவரே செய்து கொள்ளலாம். ஒரு மெல்லிய கம்பி, ஒரு தூரிகை, சிறிது மண்ணெண்ணெய் இருந்தால் போதும். வண்டி நின்றதும் ஸ்பானரை எடுக்குமுன் மூடியைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கத்தை வண்டி ஓட்டுபவருக்கும் சொல்லிக் கொடுங்கள். வீண் செலவும் குறையும். பதம் தவறாமல் உழவும் முடியும்.